ஒரே தட்டு, ஒரே மீயொலி: செல் ஏன் ஒன்றுபோல் வளரவில்லை?

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக, மனிதத் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கு 24 குழித் தட்டின் அடியிலிருந்து தினம் 20 நிமிடம் மீயொலி கொடுக்கிறேன். 1.5 மெகாஹெர்ட்ஸ், சதுர செ.மீ.க்கு 30 மில்லிவாட். ஒரு குழியில் செல்கள் நன்றாகப் பெருகுகின்றன, இன்னொன்றில் மாற்றமே இல்லை. எங்கே தப்பு?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: முதலில் மீடியத்தின் (செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தின்) அளவைப் பாருங்கள். கீழிருந்து ஏறும் அலை, மேலே காற்றை முட்டியதும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பி வருகிறது. ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்து குழிக்குள் நிலையலை உண்டாகும்; அதாவது சில உயரங்களில் அழுத்தம் உச்சமாகவும், சில உயரங்களில் இல்லாமலும் நிற்கும். இந்த அதிர்வெண்ணில் அலைநீளம் சுமார் 1 மி.மீ. மீடியத்தின் உயரம் கால் மி.மீ. மாறினாலே, உச்ச அழுத்தத்தில் இருந்த செல்கள் அழுத்தமே இல்லாத இடத்தில் மாட்டிக்கொள்ளும். உங்கள் தட்டில் ஒரு குழியின் பரப்பு ஏறக்குறைய 1.9 சதுர செ.மீ. அதில் கால் மி.மீ. என்பது வெறும் 0.05 மி.லி.தான்! ஓரக் குழிகளில் ஆவியாவதே போதும்.

குழியை விளிம்பு வரை மீடியத்தால் நிரப்பி, ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியால் கிருமி நீக்கிய) தடித்த சிலிக்கோன் ரப்பர் மூடியைக் குமிழி சிக்காமல் மேலே பதியுங்கள். அலையை அது உறிஞ்சிக்கொள்ளும். தட்டுக்கும் ஒலியை உண்டாக்கும் டிரான்ஸ்டியூசருக்கும் நடுவே உள்ள தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். ஒரு குமிழி இருந்தாலும் அந்த இடத்தில் அலை நின்றுவிடும்.

30 மில்லிவாட் என்பது சராசரியா என்றும் பாருங்கள். 200 மைக்ரோவிநாடி ஒலி, 800 மைக்ரோவிநாடி ஓய்வு என்றால், ஒலிக்கும் நேரத்தில் 150 இருக்க வேண்டும். ஒலிக்கும் நேரத்திலேயே 30 வைத்திருந்தால் செல்லுக்குச் சராசரியாகக் கிடைப்பது 6 மட்டுமே.

ஒப்பீட்டுக் குழி அதே தட்டில் வேண்டாம்; பிளாஸ்டிக் வழியே ஒலி பக்கத்துக்கும் பரவும். தனித் தட்டை அணைத்த டிரான்ஸ்டியூசர் மேல் அதே 20 நிமிடம் வையுங்கள். இன்குபேட்டருக்கு வெளியே வந்தாலே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி மீடியம் ஊதாப்பக்கம் சாயுமே, அந்தப் பாதிப்பு இரண்டுக்கும் சமமாக இருக்கட்டும். மெல்லிய தெர்மோகப்பிளால் குழியின் வெப்பத்தையும் அளக்க வேண்டும். தட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் டிரான்ஸ்டியூசரும் சூடாகி, 1 டிகிரி ஏறினால்கூட வளர்ச்சிக்குக் காரணம் ஒலியா சூடா என்று பிரிக்க முடியாது.

நிறமாற்றத்தை வைத்துச் செல்லை அளக்கும் எம்டிடி சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அது காட்டுவது செல்லின் வளர்சிதை மாற்றத்தை, எண்ணிக்கையை அல்ல. டிரிப்சின் என்ற நொதியால் செல்களைத் தட்டிலிருந்து பிரித்து, இறந்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிபான் நீலம் கலந்து எண்ணிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் கணுக்கால் மேல் எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. மீயொலிக் கருவி வாங்கினால் சீக்கிரம் கூடுமா?
– வாசகர், சிவாஜி நகர், பெங்களூரு

பதில்: வாங்க வேண்டாம். கால் எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்த 501 பேரிடம் நடந்த சோதனை 2016-ல் வெளியானது. கருவி வைத்தவர்களும் வெறும் பாவனைக் கருவி வைத்தவர்களும் ஒரே வேகத்தில்தான் குணமானார்கள். பிசியோதெரபி மெஷினை மாற்றாகக் காட்டினாலும் ஏற்காதீர்கள். அது வாட் கணக்கில் தருவது, எலும்புக்கான கருவி தருவதைவிடப் பல மடங்கு அதிகம்.