போக்கர்: ப்ளைண்ட்ல சின்ன ஜோடி வந்தா எப்ப உள்ள போகணும், எப்ப விடணும்

திருத்துறைப்பூண்டி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அறுப்பு முடிஞ்சு வேலை இல்லாத நாள்ல ஆறேழு பேர் திண்ணைல உக்காந்து லிமிட் ஹோல்டம் (கையில ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு, கட்டுறதுக்கு அளவு வச்ச போக்கர்) ஆடுறோம், புளியங்கொட்டைதான் காசு. ப்ளைண்டு (சீட்டு பாக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் போட வேண்டியது) ஸ்மால் 5, பிக் 10. பெட்டு மொத ரெண்டு ரவுண்டுல 10, கடைசி ரெண்டுல 20. பிக் ப்ளைண்ட்ல எனக்கு 4-4 வந்துச்சு, ஒருத்தன் ரெய்ஸ் (20ஆ ஏத்திட்டான்), ரெண்டு பேர் கால் (அதே அளவு போட்டாங்க), நானும் கால். ஃப்ளாப்பு (நடுவுல மொதல்ல விழுற மூணு சீட்டு) கிங், 9, 5. கடைசி வரைக்கும் கால் பண்ணிட்டே போயி தோத்தேன். மொதல்லயே கவுத்துப் போட்டிருக்கணுமா?"

இல்ல தம்பி, மொத கால் சரிதான். தப்பு அதுக்கப்புறம். (புளியங்கொட்டைலயே ஆடுங்க, 2025ல வந்த மத்திய சட்டத்துல காசு வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்தை நடத்துறதுக்கே தடை, அந்தப் பக்கம் போகாதீங்க.)

கணக்கைப் பாருங்க. மூணு பேரோட 20 சேர்த்து 60, ஸ்மால் ப்ளைண்டு விட்டுட்டுப் போன 5, உங்க 10, ஆக நடுவுல 75 கிடக்கு, நீங்க இன்னும் போட வேண்டியது வெறும் 10. ஃப்ளாப்புல இன்னொரு நாலு விழுந்து செட்டு ஆகுறது, ரம்மில சொல்ற அதே செட்டுதான், கிட்டத்தட்ட எட்டரை தடவைக்கு ஒரு தடவை. அதாவது 7.5க்கு 1 (ஏழரை தடவை விழாது, ஒரு தடவை விழும்). உங்களுக்குக் கிடைச்ச விலையும் 75க்கு 10, அதே 7.5க்கு 1. விழுந்தப்புறம் அவங்க கட்டப்போறதெல்லாம் மேல்வரும்படி, அதனால கண்ண மூடிட்டு கால் பண்ணலாம்.

ஆனா கிங், 9, 5 விழுந்தாச்சு, நாலு விழல. இப்ப நடுவுல 85, ஒருத்தன் 10 கட்டுறான், 95க்கு 10. கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டுல ரெண்டே ரெண்டு நாலு, 22.5க்கு 1. கிடைக்குற விலை 9.5. மூணு பேர்ல ஒருத்தன்கிட்டயாவது கிங்கோ ஒம்போதோ இருக்க வாய்ப்பு அதிகம். அங்கயே கவுத்திருக்கணும். போட்ட 20 போச்சேன்னு மனசு அடிச்சுக்கும், எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு, ஆனா நடுவுல போன கொட்டை நம்மளுது இல்ல.

ஸ்மால் ப்ளைண்ட்ல இதே 4-4 வேற கதை. ரெய்ஸ் வந்தா நீங்க 15 போடணும், அதே ரெய்ஸ் அதே ரெண்டு கால்ல விலை 5க்கு 1 தான், பின்னாடி பிக் ப்ளைண்ட் மறுபடி ரெய்ஸ் பண்ற பயம் வேற. மூணு பேராவது கால் பண்ணிருந்தாதான் நான் போவேன். ரெய்ஸே இல்லாம ரெண்டு மூணு பேர் சும்மா உள்ள வந்திருந்தா 5 போட்டு தாராளமா பாருங்க.

ஒத்தைக்கு ஒத்தையா வந்தா செட்டை மட்டும் நம்ப முடியாது. பிக் ப்ளைண்ட்ல 35க்கு 10. முன்னாடி உக்காந்து நல்ல சீட்டுக்கு மட்டும் ரெய்ஸ் பண்றவன்னா 2-2, 3-3ஐ விட்டுருவேன். பட்டன்ல (ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியா பேசுற இடம்) இருந்து எதை வச்சுனாலும் அடிக்கிறவன்னா விடமாட்டேன், ஜாக்கி, 7, 2 மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத காஞ்ச ஃப்ளாப்புல கடைசி வரை கால் பண்ண 10, 20, 20ன்னு 50 ஆகும், ஜெயிச்சா நடுவுல இருக்க 45ம் அவன் போடுற 50ம் சேர்ந்து 95 வரும், மூணுல ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேல ஜெயிச்சாப் போதும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, நடுவுல 9-9, 6-6னு ரெண்டு ஜோடி விழுந்துட்டா உங்க 2-2 செத்துப்போச்சு, அந்த ரெண்டு ஜோடியும் எல்லாருக்கும் பொது, அவன்கிட்ட வெறும் ஆஸ் இருந்தாலே அடிச்சுருவான்.

செட்டு விழுந்துட்டா எப்படி வாங்குறது, அதுதான் நிறையப் பேர் கோட்டை விடுற இடம். ப்ளைண்ட்ல இருக்கவன் மொத ரவுண்டுல கடைமடை, எல்லாரும் எவ்வளவு விட்டாங்கன்னு பாத்துட்டு முடிவெடுக்கலாம், ஃப்ளாப்புக்கு அப்புறம் தலைமடை, ஆனா இங்க தலைமடைலதான் கஷ்டம், மொதல்ல பேசியாகணும். அதனால ரெய்ஸ் பண்ணவன் எங்க உக்காந்திருக்கான்னு பாருங்க. உங்களுக்கு அடுத்தாப்லன்னா செக் பண்ணுங்க (எதுவும் கட்டாம விடுங்க), அவன் கட்டுவான், மத்தவங்க வரிசையா கால் பண்ணிட்டு உங்ககிட்ட வரும்போது ரெய்ஸ் அடிங்க, எல்லாரும் மாட்டிக்குவாங்க. அவன் கடைசில பட்டன்ல இருந்தா செக் பண்ணாதீங்க, நீங்களே கட்டுங்க, நடுவுல இருக்கவங்க பத்து பத்தா போட்டு வருவாங்க, அவன் ரெய்ஸ் பண்ணா நீங்க மறுபடி ஏத்துங்க.