புது லேப்டாப்பில் அறுந்துபோன எக்செல் இணைப்பு

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு சங்கத்துக்குப் பொருளாளராக இருக்கிறேன். வரவு செலவு எக்செல்லில், ஆண்டறிக்கை வேர்டில். பன்னிரண்டு அட்டவணைகளை இணைப்பாக ஒட்டியிருந்தேன். பழைய லேப்டாப் பழுதாகி, ஃபைல்களைப் புதியதுக்கு மாற்றியதிலிருந்து பல அட்டவணைகள் பழைய எண்ணையே காட்டுகின்றன. இரண்டில் ‘எரர்! நாட் எ வேலிட் லிங்க்’ என்று வருகிறது. அடுத்த மாதம் பொதுக்கூட்டம். எல்லாவற்றையும் மறுபடி ஒட்டத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஆனால் இனி ஃபைலைத் திறக்கும்போது ‘இணைப்புகளைப் புதுப்பிக்கவா’ என்று வேர்ட் கேட்டால், ‘நோ’ சொல்லுங்கள். அந்த இரண்டு அட்டவணைகளும் ‘யெஸ்’ சொன்னதில் போனவையாகத்தான் இருக்கும். எக்செல் ஃபைல் கிடைக்காதபோது, கையில் இருக்கும் பழைய அட்டவணையையும் எடுத்துவிட்டு அந்த எரர் வரியைப் போடுவது வேர்டின் வழக்கம். உடனே பார்த்தால் கன்ட்ரோல்+இசட் காப்பாற்றும். நான் ஒருமுறை பார்க்காமல் சேவ் செய்துவிட்டு, ராத்திரி ஒன்றரை மணிவரை உட்கார்ந்தேன். அதனால் முதலில் அறிக்கைக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

சரி, ஆல்ட்+எஃப்9 அழுத்துங்கள். சில லேப்டாப்புகளில் கூடவே எஃப்என் விசையையும் அழுத்த வேண்டும். அட்டவணை மறைந்து, அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி தெரியும். ‘லிங்க்’, ‘எக்செல்.ஷீட்.12’, பிறகு மேற்கோளுக்குள் ஃபைலின் முகவரி, கடைசியில் எந்த ஷீட்டில் எந்தக் கட்டம்வரை என்ற குறிப்பு. எரர் வந்த இடத்திலும் இந்த வரி பத்திரமாக இருக்கும். முகவரியை உற்றுப் பாருங்கள்: சி டிரைவ், யூசர்ஸ், பழைய லேப்டாப்பின் பயனர் பெயர், டாக்குமென்ட்ஸ் என்று முழு நீளத்துக்கு இருக்கும். இரண்டு ஃபைலும் ஒரே ஃபோல்டரில் இருப்பதை வேர்ட் கண்டுகொள்ளாது. புது லேப்டாப்பில் பயனர் பெயர் வேறாக இருந்தால் எல்லாம் அறுந்துவிடும். ஒன்டிரைவ் உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைத் தனக்குள் இழுத்துக்கொண்டிருந்தாலும் இதே கதைதான்.

இரண்டு மூன்று இணைப்புகள்தான் என்றால், ஃபைல் மெனுவில் ‘இன்ஃபோ’வுக்குப் போய், வலப்பக்கம் கீழே ‘எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்’, அதில் ‘சேஞ்ச் சோர்ஸ்’ என்று ஒவ்வொன்றாக மாற்றலாம். பன்னிரண்டுக்கு அது பெரிய இம்சை. அந்த வரிகள் தெரியும்போதே கன்ட்ரோல்+எச் அழுத்தி, பழைய முகவரியில் மாறிய பகுதியை மட்டும் தேடிப் புதியதாக மாற்றுங்கள். இந்த வரிக்குள் பின்சாய்வுக் கோடு (\) இரட்டையாகத்தான் இருக்கும். நீங்களும் இரட்டையாகவே தட்டுங்கள். எக்செல் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, மறுபடி ஆல்ட்+எஃப்9, கன்ட்ரோல்+ஏ, எஃப்9. முடிந்தது. அப்படியும் ஒன்று அசையவில்லை என்றால், அந்த அட்டவணையைச் சுற்றி எழுத்து ஓடும்படி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படிப்பட்டவை ஆல்ட்+எஃப்9-க்குத் தெரியாது. ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ ஆக்கினால் வெளியே வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. கட்டக் குறிப்பு இரண்டாவது வரிசையிலிருந்து பதினான்காவது வரிசைவரை என்று இருக்கிறது என்று வையுங்கள். வேர்ட் மூடியிருக்கும்போது, நன்கொடைப் பட்டியலின் நடுவே நீங்கள் ஒரு வரிசை சேர்த்தால், மொத்தத் தொகை பதினைந்துக்கு இறங்கிவிடும். அறிக்கையில் எரர் எதுவும் வராது, மொத்தம் மட்டும் காணாமல் போயிருக்கும். கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்கும்போதுதான் தெரியும். எக்செல்லில் அந்த அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பட்டைக்கு இடப்பக்கமுள்ள பெட்டியில் ‘நன்கொடை’ என்று பெயர் தட்டி என்டர் அடியுங்கள். வேர்டின் வரியில் கட்டக் குறிப்பை எடுத்துவிட்டு அந்தப் பெயரைப் போடுங்கள். நடுவில் வரிசை கூடினால் பெயரின் எல்லையும் கூடவே நீளும்.

அப்புறம், செயலாளருக்கோ கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவகத்துக்கோ போகும் பிரதியில் இணைப்பு இருக்கவே கூடாது. அதற்கென ஒரு நகல் எடுத்து, ‘எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்’ அழுத்தினால் வரும் பெட்டியிலேயே ‘பிரேக் லிங்க்’ கொடுங்கள். கன்ட்ரோல்+ஏ, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்9 என்று குறுக்கு வழியும் உண்டு. ஆனால் அது பொருளடக்கத்தையும் சேர்த்து வெறும் எழுத்தாக்கிவிடும்.