காலிப்பர் பிராக்கெட் போல்ட் திரும்ப மறுத்தால்

அந்த 12 முனை ரிங் ஸ்பானரை இப்போதே ஓரமாக வையுங்கள். பிரேக் டிஸ்க் மாற்றும்போது, காலிப்பரை (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) தாங்கும் பிராக்கெட்டின் 17 எம்எம் போல்ட் அசையவில்லை, தலை மழுங்கத் தொடங்கிவிட்டது என்கிறீர்கள். 6 முனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி முழுசாக இறக்கி, நீளக் கைப்பிடி போட்டுத் திருப்புங்கள்.

அதற்கு முன், எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள்? பெரும்பாலான கார்களில் இந்த போல்ட்டின் தலை வண்டியின் உட்பக்கம் பார்த்திருக்கும். வெளியிலிருந்து கை நீட்டித் திருப்பும் பலர், கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுகிறார்கள். தலையை நேராகப் பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்ப வேண்டும்.

திசை சரி என்றால் துருதான். பெனட்ரேட்டிங் ஆயிலை (துருவுக்குள் ஊறி இறங்கும் எண்ணெய்) மரையின் பின்முனையிலும் விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். டிஸ்க்கிலும் பேடிலும் படக்கூடாது. காலையில் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக நாலைந்து அடி. முதலில் கொஞ்சம் இறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள். 'டக்'கென்று சத்தம் வந்தால் விட்டுக்கொடுத்துவிட்டது. சத்தமே இல்லாமல் மிட்டாய் மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தால் உடனே நிறுத்துங்கள், போல்ட் முறியப்போகிறது. திரும்ப ஆயில், முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக.

கேஸ் டார்ச்சின் தீயை வைத்துச் சூடாக்க வேண்டாம். ஆயில் தீப்பிடிக்கும், பக்கத்திலேயே ரப்பர் உறையும் பிரேக் ஹோஸும் இருக்கின்றன. வண்டி ஜாக்கில் மட்டும் நின்றால் கைப்பிடியைத் தொடவே தொடாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

கழன்றதும் அந்த போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதை உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் முறுக்கு விசையின் அளவு) இறுக்குங்கள்.