பழைய கிழங்கு தோண்டும் மெஷின்: சங்கிலியைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

அண்ணே, சுங்கை சிப்புட்டில் இரண்டு ஏக்கர் சக்கரவள்ளி, கையில் 24 குதிரைத்திறன் டிராக்டர், மலிவாக ஒரு இரட்டை வரிசை மெஷின் வருகிறது என்கிறீர்கள். விட்டுவிடுங்கள். உங்கள் டிராக்டர் அதற்குப் போதாது. தூக்கினால் முன்சக்கரம் மேலே கிளம்பும். பின்னால் மாட்டும் ஒற்றை வரிசைதான் சரி. சக்கர இடைவெளி பாத்திக்குப் பொருந்துமா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

மெஷினை நேரில் பார்க்கப் போகும்போது, பி.டி.ஓ.வை (டிராக்டரின் பின்னால் சுழன்று மெஷினை ஓட்டும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கியர்பாக்ஸில் இரைச்சல், ஆயில் கசிவு இருக்கிறதா? அதைவிட முக்கியம் சங்கிலி, அதாவது தோண்டிய கிழங்கை மேலே ஏற்றி மண்ணைச் சலிக்கும் கம்பிப் பட்டை. கம்பி வளைந்து, அதை ஓட்டும் பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) பல் கொக்கிபோல் தேய்ந்திருந்தால் சங்கிலி தாவும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். மண்ணைத் தோண்டும் கொழு தேய்ந்திருந்தால் பரவாயில்லை, வெல்டிங் பட்டறையில் சரிசெய்யலாம்.

கொடியை முன்பே வெட்டி அகற்றாவிட்டால் எந்த மெஷினும் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். கொழு கிழங்குக்கு அடியில் போக வேண்டும். சங்கிலியில் முக்கால் தூரமாவது மண்ணும் கூடவே வரட்டும், அதுதான் கிழங்குக்கு மெத்தை; மண் சீக்கிரம் உதிர்ந்தால் தோல் உரியும். மழைக்கு மறுநாள் களிமண்ணில் இறக்காதீர்கள், கட்டி சலியாது.