கேமரா பை: முதலில் சாமானை அளந்துவிட்டு வாருங்கள் (கேள்வி பதில்)

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): அண்ணே, ஒரு கேமரா, ஒரு 24-70 மி.மீ. லென்ஸ், ஒரு 35 மி.மீ. லென்ஸ். எல்.ஆர்.டி. ரயிலில்தான் போய் வருவேன். முதுகுப்பையா, தோள்பையா?

பதில்: எடையைக் கூட்டிப் பாருங்கள் தம்பி. கேமரா சுமார் 660 கிராம், 24-70 எஃப் 2.8 (வெளிச்சம் அதிகம் வாங்கும் ரகம்) ஏறக்குறைய 700, 35 ஒரு 500. பேட்டரி, கார்டு, துடைக்கும் துணி எல்லாம் சேர்த்தாலும் 2 கிலோ சொச்சம்தான். இதற்குக் குறுக்காகப் போடும் ஸ்லிங் பை போதும், 6 முதல் 9 லிட்டர் வரை. ரயிலில் முன்பக்கம் திருப்பிக்கொண்டால் பை கண் முன்னாலேயே இருக்கும். 3 கிலோவைத் தாண்டிவிட்டால் ஒற்றைப் பட்டையை விட்டுவிடுங்கள். அரை நாளில் ஒரு பக்கத் தோள் இறங்கிவிடும்.

கேள்வி (கெப்போங்): "2 கேமரா, 5 லென்ஸ் கொள்ளும்" என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். என் 70-200 லென்ஸ் நிற்கவும் மாட்டேன் என்கிறது, படுக்கவும் மாட்டேன் என்கிறது.

பதில்: அந்தக் கணக்கு பெரும்பாலும் சின்ன லென்ஸை வைத்து, ஹுட் (லென்ஸ் முனையில் மாட்டும் வெயில் மறைப்பு) இல்லாமல் போட்ட கணக்கு. ஒரே 70-200 எஃப் 2.8-இலேயே வித்தியாசம் பாருங்கள்: கேனன் ஆர்எஃப் மடக்கினால் 14.6 செ.மீ., சோனியின் இரண்டாம் பதிப்பு நீளாமல் எப்போதும் 20 செ.மீ. பையின் வெளியளவைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளளவு வேண்டும்.

வீட்டில் பழைய அட்டைப்பெட்டி இருக்கும். பையின் உள்ளளவை அதில் கட்டமாக வரைந்து, அதிகம் பயன்படுத்தும் லென்ஸைக் கேமராவில் மாட்டியபடியே கட்டத்துக்குள் வையுங்கள். ஹுட்டைத் திருப்பி மாட்டியிருக்க வேண்டும். மற்றதைச் சுற்றி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 1 செ.மீ. இடைவெளி விடுங்கள். அது டிவைடர், அதாவது பைக்குள் அறை பிரிக்கும் பஞ்சுத் தடுப்பு, பிடிக்கும் இடம். அடுத்து ஆழம். சாதாரண மிரர்லெஸ் கேமராவுக்கு உள்ளாழம் 12 செ.மீ. போதும். அடியில் கூடுதல் பேட்டரிக்கான பிடி (பேட்டரி கிரிப்) மாட்டினால் 16, 17 வேண்டும். இல்லாவிட்டால் ஜிப்பை மூடும்போதெல்லாம் மேல் டயல் அழுந்தும். கேமரா பைக்குள்ளேயே தானாக ஆன் ஆகிப் பேட்டரி தீர்வதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

கேள்வி (செந்தூல்): கல்யாணப் படம் எடுக்கிறேன் அண்ணே. தோள்பையால் கழுத்து இறுகிப் போகிறது என்று இடுப்புப்பட்டை வைத்த முதுகுப்பை வாங்கினேன். அதுவும் தோளைத்தான் இழுக்கிறது. பை சரியில்லையா?

பதில்: பையைக் குறை சொல்லும் முன் பட்டை கட்டும் வரிசையைப் பார்ப்போம். பலரும் மாட்டியவுடன் தோள்பட்டையை இழுத்து இறுக்கிவிடுகிறார்கள். எடை அப்போதே தோளில் உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கட்டும் இடுப்புப்பட்டையால் பயனில்லை.

எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். இடுப்பின் பக்கவாட்டில் கை வைத்தால் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். பட்டையின் நடுப்பகுதி அந்த மேட்டின்மேல் உட்கார வேண்டும், தொப்புளுக்கு மேலே வயிற்றில் அல்ல. அதை முதலில் இறுக்குங்கள். பிறகு தோள்பட்டையைத் தோளைத் தொடும் அளவுக்கு மட்டும் இழுங்கள். பட்டைக்கும் தோளுக்கும் நடுவில் விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். தோளுக்கு மேலே பையின் தலையோடு சேரும் சின்னப் பட்டைகள் இருந்தால் அடுத்து அவற்றை இழுங்கள், பின்னால் சாய்ந்த பை முதுகோடு வந்து ஒட்டும். நெஞ்சுப்பட்டை கடைசி.

இப்படிச் செய்தும் இடுப்புப்பட்டை வயிற்றில்தான் நிற்கிறது என்றால் பை உங்கள் முதுகுக்குக் குட்டை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு புடைக்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் முதுகு நீளம். பெரும்பாலான கேமரா பைகளில் பட்டை ஒரே இடத்தில் தைக்கப்பட்டிருக்கும், ஏற்றி இறக்க வழியில்லை. எனவே கடைக்குச் சாமானோடு போங்கள். வெறும் பை யாருக்கும் வசதியாகத்தான் இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் விலைச்சீட்டைக் கிழிக்காமல் 5 கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்து, அரை மணி நேரம் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு நடந்து பாருங்கள்.

உங்கள் சாமானையும் எடை போடுவோம்: இரண்டு கேமரா 1.3 கிலோ, 24-70, 70-200, 35 மூன்றும் 2.25, இரண்டு ஃபிளாஷ் 1, பேட்டரி, சார்ஜர், ஃபிளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் டிரிகர் 0.8, பை 1.8. மொத்தம் 7.15 கிலோ. இந்த எடைக்கு இரண்டு விரல் அகல நாடாப் பட்டை உதவாது. அது பை ஆடாமல் பிடிக்குமே தவிர எடையைத் தாங்காது. உள்ளங்கை அகலத்துக்குப் பஞ்சு வைத்த பட்டையாகப் பாருங்கள். 70-200-ஐ வெளிப்பக்கம் வைக்காமல் முதுகை ஒட்டி, நடு உயரத்தில் வையுங்கள். முதுகிலிருந்து தள்ளித் தள்ளி வைக்க, அதே ஒரு கிலோ உங்களைப் பின்னால் இழுக்கும் இழுப்பு கூடிக்கொண்டே போகும்.

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு): நெஞ்சுப்பட்டை மார்பை அழுத்துகிறது. தோளும் குறுகல், பட்டை வழுக்கி விழுகிறது. பெண்களுக்கென்று பை உண்டா அண்ணா?

பதில்: அந்தப் பெயரில் தேட வேண்டாம் தங்கச்சி, இரண்டு விஷயத்தை மட்டும் பாருங்கள். தோள்பட்டை நேராக இல்லாமல் எஸ் வடிவில் வளைந்திருக்க வேண்டும். நெஞ்சுப்பட்டை மேலும் கீழும் நகர வேண்டும். காறையெலும்புக்கு மூன்று விரற்கடை கீழே நிறுத்தினால் மார்பில் படாது. தோள்பட்டைகள் பையோடு சேரும் இடத்தில் நெருக்கமாகத் தைத்த பையாக எடுத்தால் வழுக்குவது நிற்கும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு): தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் படம் எடுக்கப் போகிறேன். 513 படி. என்ன பை?

பதில்: முதுகுப்பை வேண்டாம். பத்துமலையின் 272 படியானாலும் இதே பதில்தான். அந்தக் கூட்டத்தில் நீங்கள் திரும்பும்போது உங்கள் பையும் திரும்பும், பின்னால் வருபவர் உடம்பில் அலகு குத்தியிருக்கலாம். முன்பக்கம் மாட்டும் சின்ன ஸ்லிங், அல்லது இடுப்பில் கட்டும் பை. தொங்கும் பட்டை நுனிகளைச் சுருட்டி ரப்பர் போடுங்கள், காவடியில் மாட்டினால் இழுபடுவது பக்தர்தான்.

லென்ஸ் மாற்றும் எண்ணத்தோடு போகாதீர்கள். திருநீறு மிக நுண்ணிய தூள். வெல்க்ரோவிலும் பஞ்சுத் துணியிலும் ஏறிக்கொண்டு, அடுத்த வாரம் லென்ஸைக் கழற்றும்போது கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் போய் உட்காரும். வீடு திரும்பியதும் டிவைடர்களைக் கழற்றி வேக்குவம் பிடியுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் தூள் குழைந்து துணிக்குள் இறங்கிவிடும். செருப்பை வைக்கத் தனியாக ஒரு பை கொண்டு போங்கள், கேமரா அறைக்குள் திணிக்க வேண்டாம். தின்பண்டமும் வேண்டாம். பத்துமலைக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் சலசலப்பு கேட்டாலே போதும், திறந்த பையில் கை விடும்.

கேள்வி (செராஸ்): மோட்டாரில்தான் போவேன். பின்னால் பாக்ஸ் இருக்கிறது, அதில் வைக்கலாமா? வழிப்பறி பயமும் இருக்கிறது.

பதில்: பாக்ஸில் வெறுமனே வைக்க வேண்டாம். எஞ்சின் அதிர்வு இடைவிடாமல் ஏறும். மோட்டார் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கத் தடுப்பைப் பாதிக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. உங்கள் லென்ஸிலும் கேமராவிலும் அதே போன்ற மிதக்கும் பாகங்கள்தான். முதுகில் மாட்டினால் உங்கள் உடம்பு அதிர்வை வாங்கிக்கொள்ளும். இடுப்புப்பட்டையும் நெஞ்சுப்பட்டையும் பூட்டியே ஓட்டுங்கள். ஜிப் முதுகுப் பக்கம் திறக்கும் பையாக இருந்தால் சிக்னலில் யாரும் பின்னாலிருந்து திறக்க முடியாது. இறங்கி நடக்கும்போது பை சாலைக்கு எதிர்ப்பக்கத் தோளில் இருக்கட்டும், வண்டிகள் உங்களை நோக்கி வரும் ஓரத்தில் நடங்கள். கேமராப் பெயர் பெரிதாக அச்சிட்ட பையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி (கோம்பாக்): சாயங்கால மழையில் பை நனைந்துவிட்டது. "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்றுதான் போட்டிருந்தது. கொஞ்ச நாள் கழித்து லென்ஸில் பூஞ்சை.

பதில்: அந்தச் சொல் தூறலுக்குத்தான். இடிமழையில் தண்ணீர் ஜிப் வழியாகவும், தோள்பட்டை தைத்த தையல் வழியாகவும் இறங்கும். மழை உறை போட்டாலும் முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும், சட்டையில் வழியும் தண்ணீர் அங்கே ஊறும். கேமராவை முதலில் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றுங்கள், அதற்குமேல் உறை.

ஆனால் உங்கள் லென்ஸுக்குப் பூஞ்சை வரக் காரணம் மழை மட்டுமாக இருக்காது. நனைந்த பைக்குள்ளேயே சாமானை வைத்துப் பூட்டியதுதான் என்று நினைக்கிறேன். பஞ்சு ஈரத்தைப் பல நாள் பிடித்து வைக்கும். ஈரப்பதம் 60, 70 விழுக்காட்டைத் தாண்டிய இருட்டில் பூஞ்சைக்கு வேறெதுவும் தேவையில்லை. பை தூக்கிப் போவதற்கு மட்டும். வீட்டில் சாமான் 40-50 விழுக்காட்டு ஈரப்பதத்தில், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட் பெட்டியில் இருக்க வேண்டும். அது கைக்கு எட்டாவிட்டால், ரப்பர் விளிம்பு வைத்த மூடி டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் போதும். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறினால் காய வைத்து மறுபடி போடுங்கள். நனைந்த பையை டிவைடர் கழற்றி, ஜிப்பைத் திறந்து, காற்றாடிக்கு முன்னால் இரண்டு நாள் நிறுத்துங்கள்.

இன்னொன்று. ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள். இங்கே சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த கண்ணாடியில் நீர் படிந்துவிடும். மூடிய பைக்குள் 20, 30 நிமிடம் வைத்து மெல்லச் சூடேற விடுங்கள்.

கேள்வி (கிள்ளான் சாலை): சென்னைக்குப் பறக்கிறேன். செந்தூல்காரருக்கு நீங்கள் எடை போட்ட அதே சாமான்தான்.

பதில்: அப்படியானால் 7.15 கிலோ. ஏர்ஏசியாவில் கையில் கொண்டுபோகும் இரண்டு பையும் சேர்த்தே 7 கிலோ, பெரியது 56 x 36 x 23 செ.மீ. மடிக்கணினியே இன்னும் சேரவில்லை. பையின் எடையில்தான் முதலில் கை வைக்க வேண்டும்: 1.8 கிலோ பைக்குப் பதில், கேமரா உள்பை வைத்த சாதாரணத் துணிப் பை என்றால் ஒரு கிலோவுக்குள் முடியும். சார்ஜர்களைப் பெரிய பெட்டியில் போடலாம். உதிரி பேட்டரி மட்டும் கையில்தான், முனையை மூடி வையுங்கள். 100 வாட்-மணி வரை சிக்கல் இல்லை. 7.2 வோல்ட், 2280 எம்ஏஎச் பேட்டரி 16.4 வாட்-மணிதான். புறப்படும் முன் டிக்கெட்டில் உள்ள எடையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): ஏழெட்டு வருடப் பை. உள்ளே பிசுபிசு என்று ஒட்டுகிறது, புளித்த வாடை வேறு. துவைத்தால் போகுமா?

பதில்: போகாது ஐயா. துணியின் உட்பக்கம் பூசிய பாலியுரித்தேன் நம் ஊர் ஈரத்தில் சிதைந்து பசையாகிவிட்டது. துவைத்தால் உரிந்து லென்ஸில் ஒட்டும். டிவைடர்களையும் பக்கிள்களையும் கழற்றி வைத்துக்கொண்டு பையைப் போட்டுவிடுங்கள். டிவைடர் புதிய பைக்கும் பொருந்தும், பக்கிள் உடைந்தால் மாற்ற உதவும்.