ஹார்ட்வுட் ஃப்ளோர் போட ஆள் வர்றதுக்கு முன்னாடி வீட்டை எப்படி ரெடி பண்ணனும்? (நியூ ஜெர்சி, கார்பெட்டை எடுத்துட்டுப் போடப் போறோம்)

முதல்லயே சொல்லிடறேன், நான் கான்ட்ராக்டர் கிடையாது, சாதாரண ஐடி ஆளு. "இவனுக்கு என்ன தெரியும்"னு ஆரம்பிக்கிறவங்க அடுத்த பதிலுக்குப் போயிடலாம். ஆனா சூடு பட்டவன்ங்கிற தகுதி எனக்கு இருக்கு. எடிசன்ல எங்க வீடு, 1972-ல கட்டினது. ஹால், டைனிங், பெட்ரூமுக்குப் போற நடை எல்லாம் சேர்த்து 620 சதுர அடிக்கு முக்கால் இஞ்ச் கனம், 5 இஞ்ச் அகலத்துல ரெட் ஓக் போட்டோம்.

நீங்க கேட்டிருக்கிறதைப் பார்த்தா சோஃபாவை எங்க தள்றது, டிவியை எங்க வைக்கிறதுன்னுதான் ஓடிட்டு இருக்கும் மண்டைல. எனக்கும் அதான் ஓடுச்சு. சோஃபா கிடக்கட்டும், மரத்தை எங்க வைக்கப் போறீங்க, அதைச் சொல்லுங்க.

நான் பண்ணின கூத்து இதுதான். ஜூலை 4 சேல்ல மரம் சல்லிசா கிடைச்சுது, உடனே வாங்கிட்டேன், ஆனா போடுறவருக்கு நவம்பர்லதான் டேட் இருந்துச்சு, அதனால 34 பெட்டியையும் கராஜ்ல அடுக்கி மேல ஒரு பழைய பெட்ஷீட்டைப் போத்தி ஏதோ நெல்லு மூட்டையைப் பத்திரப்படுத்தின மாதிரி பெருமையா இருந்தேன். இங்க ஜூலை, ஆகஸ்ட் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், மெட்ராஸ் மாதிரி கசகசன்னு. அந்த ஈரத்தையெல்லாம் மரம் குடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. நவம்பர்ல காலைல எட்டு மணிக்கு ஆள் வந்தாங்க, கராஜ்ல இருந்து தூக்கிட்டு வந்து அன்னிக்கே அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. "உள்ள கொஞ்ச நாள் கிடக்கணும்னு சொல்வாங்களே"ன்னு நான் கேட்டேன். பொய் சொல்லல, கேட்டேன். "நாலு மாசமா உங்க வீட்லதானே சார் இருக்கு, பழகியிருக்கும்"னுட்டாரு. கராஜும் ஹாலும் ஒன்னாய்யான்னு திருப்பிக் கேக்க எனக்கு வாய் வரல.

ஜனவரில பொங்கலுக்கு மொத நாள் சின்னவ அஞ்சறைப்பெட்டியைத் தூக்கிட்டு ஹாலுக்கு ஓடி வந்து கவுத்துட்டா. உளுந்து, வெந்தயம் எல்லாம் மேலயே கிடக்கு, கடுகை மட்டும் காணோம். குனிஞ்சு பாத்தா ரெண்டு பலகைக்கு நடுவுல வரிசையா உக்காந்திருக்கு. ஒரு இடத்துல இல்ல, ஹால் பூரா.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். பலகை நீளத்துல ஒன்னும் பெருசா மாறாது, அகலத்துலதான் விரியும், சுருங்கும். ரெட் ஓக்ல ஈரம் 1 சதவீதம் குறைஞ்சா 5 இஞ்ச் பலகை கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் சுருங்கும். கராஜ்ல ஊறின மரம் ராப்பகலா ஹீட்டர் ஓடுற வீட்ல 5 சதவீதம் இறங்குச்சுன்னா ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல போயிடும், கடுகு தாராளமா போகும். அகலமான பலகைதான் அழகுன்னு வாங்கினோம் பாருங்க, அகலம் கூடக் கூட இந்தத் தொல்லையும் கூடும். ரெண்டேகால் இஞ்ச் பட்டையா இருந்தா பாதிகூட தெரிஞ்சிருக்காது.

அதனால நீங்க பண்ண வேண்டியது, மரம் வர்றதுக்கு குறைஞ்சது 5 நாள் முன்னாடியே ஹீட்டரோ ஏசியோ, நீங்க சாதாரணமா வாழற மாதிரி ஓட விடுங்க, 60-ல இருந்து 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள்ள, ஹியூமிடிட்டி (காத்துல இருக்கிற ஈரம்) 30-ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள. மரத்தை எந்த ரூம்ல அடிக்கப் போறாங்களோ அங்கயே பெட்டியைப் பிரிச்சு, காத்து போற மாதிரி நடுவுல குச்சி குடுத்து அடுக்குங்க. எத்தனை நாள்னு கேட்டா ஆளுக்கொரு கணக்கு சொல்வாங்க. நாளை எண்ணாதீங்க, ஊசி வச்ச ஈரம் பாக்குற மீட்டர் கிடைக்கும், பலகைலயும் கீழ இருக்கிற பிளைவுட்லயும் குத்திப் பாருங்க. 3 இஞ்சும் அதுக்கு மேலயும் அகலம்னா ரெண்டுக்கும் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள்ள இருக்கணும், அதைவிட ஒல்லின்னா 4 வரைக்கும் ஓகே. மீட்டர் இல்லாம வர்ற ஆளுகிட்ட பவ்யமா "மீட்டர் எங்க சார்"னு கேளுங்க. பேஸ்மென்ட்லயும் இதே மரம் போடலாமான்னு ஆசை வந்தா வேணாம், அங்க எஞ்சினியர்டு வுட்தான் (பிளைவுட் மாதிரி அடுக்கடுக்கா ஒட்டி மேல மட்டும் நிஜ மரம் வச்சது).

கார்பெட்டை நாங்களே எடுத்தோம், அது மிச்சம்தான், மறுக்கல. கத்தியால ரெண்டடிப் பட்டையா அறுத்துச் சுருட்டினா ஒரு ஆளே தூக்கிடலாம். எமன் அதுக்குக் கீழ இருக்கு: சுவர் ஓரம் பூரா ஆணி நட்டுக்கிட்டு நிக்கிற பட்டி, அப்புறம் ஸ்பாஞ்சைப் பிடிக்க அடிச்ச ஸ்டேப்ளர் பின். 620 சதுர அடில எத்தனை ஆயிரம் பின்னு எண்ணல, ரெண்டு ராத்திரி முட்டி போட்டு குறடால புடுங்கினேன், ஒன்னு விட்டாலும் பலகை அதுமேல சரியா உக்காராது. செருப்பு இல்லாம நடக்காதீங்க. நம்ம பழக்கம் வீட்டுக்குள்ள வெறுங்கால்தானே, எங்க மாமியார் கால்ல ஏறிடுச்சு, டெட்டனஸ் ஊசி வரைக்கும் போச்சு.

வாசப்பக்கம் கார்பெட்டுக்கு அடியில 9 இஞ்ச் சதுர டைல் இருந்துச்சு. பழைய வீட்ல இந்த அளவு டைலைப் பாத்தா தயவுசெஞ்சு சுத்தியலை எடுக்காதீங்க, அதுலயும் அதை ஒட்டின கருப்புப் பசைலயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, முதல்ல டெஸ்ட் பண்ற ஆளை வரச் சொல்லுங்க.

நான் உருப்படியா பண்ணின ஒரே காரியம் கிரீச் சத்தம். பிளைவுட் மட்டும் இருக்கும்போது பொண்ணுங்க ரெண்டு பேர் கைலயும் சாக்பீஸைக் குடுத்து, குதிச்சுப் பாருங்கடி, எங்க கத்துதோ அங்க வட்டம் போடுங்கன்னு விட்டேன். 40-க்கும் மேல வட்டம். ஒவ்வொண்ணுலயும் கீழ இருக்கிற உத்தரக்கட்டையைக் கண்டுபிடிச்சு நீள ஸ்க்ரூ இறக்கினேன். மரம் போட்டதுக்கப்புறம் இதை இவ்வளவு சுலபமா செய்ய முடியாது. அதே கையோட நீளமான மட்டப்பலகை வச்சுப் பாத்துடுங்க, 10 அடிக்குக் கால் இஞ்சுக்கு மேல ஏத்தம் இறக்கம் இருந்தா இப்பவே தேய்க்கணும், இல்ல நிரப்பணும்.

க்ளோசெட்டை, அதான் சுவரோட சேர்ந்து கதவு வச்ச அலமாரி ரூமை, எல்லாரும் மறந்துடுவாங்க. அதுக்குள்ளயும் மரம் போகும், காலி பண்ணனும். எங்க வீட்ல கோட் க்ளோசெட்தான் பூஜை ரூம். சாமியை எடுக்கணும்னதும் வீட்ல ஒரு பஞ்சாயத்து, வெள்ளிக்கிழமை எடுக்கக் கூடாது, ஷூ போட்டவங்க உள்ள போவாங்களே, அடுப்படி அலமாரில வைக்கலாமா, மேல வெங்காயம் இருக்கே... ஒரு வழியா வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கேத்தி, மாடி ரூமுக்குக் கொண்டு போனோம். அவ்வளவு பண்ணிட்டு, ஹால் சுவருக்குப் பின்பக்கம் பெட்ரூம்ல மாட்டியிருந்த தஞ்சாவூர் படத்தை மறந்துட்டோம். அந்த ஆணி அடிக்கிற மெஷின் ஒவ்வொரு அடிக்கும் வீட்டையே உலுக்கும், மதியம் படம் கீழ வந்து கண்ணாடி சுக்கல். வேலை நடக்கிற ரூம்ல மட்டும் இல்ல, அதை ஒட்டின சுவர்ல எது தொங்கினாலும் இறக்கிடுங்க, ஷோகேஸ்ல இருக்கிற எவர்சில்வர், பீங்கான் எல்லாத்தையும் சேத்து.

ஃபர்னிச்சருக்கு வரேன். டைனிங் டேபிள், பீரோ மாதிரி ரெண்டு மர அலமாரி, பியானோ வேற. வாட்ஸ்அப் குரூப்ல சனிக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் வாங்கப்பான்னு போட்டேன். 14 பேர் கட்டைவிரல் காட்டினாங்க. வந்தது ஒருத்தர், அவருக்கும் இடுப்பு வலி. நான் இந்த ஊர்ல எத்தனை பேருக்கு வீடு மாத்திக் குடுத்திருக்கேன், எத்தனை பேரை நடுராத்திரி ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்திருக்கேன். சொல்லிக்காட்டக் கூடாதுதான், சொல்றேன். பொங்கல் விழாவுலயும் இதே கதைதான், சாப்பாட்டு வரிசைல 300 பேர், முடிஞ்சதும் நாற்காலி மடக்க நாலு பேர், அந்த நாலுல வருஷா வருஷம் நான் ஒருத்தன். "நீங்க முன்னாடியே ஒவ்வொருத்தரையா போன் பண்ணிக் கேட்டிருக்கணும்"னு கமெண்ட்ல வரும், தெரியும். சரி விடுங்க. காசு குடுத்து ரெண்டு பேரை மணிக்கணக்குல வச்சுக்கோங்க, நிம்மதி.

இடைவெளி என்னாச்சுன்னு கேப்பீங்க. புட்டி வச்சு அடைக்கலாம்னு போனேன், நல்ல வேளை வேற ஒரு ஆசாரி தடுத்தாரு, குளிர்காலத்துல அடைச்சா கோடைல பலகை விரியும்போது புட்டியைப் பிதுக்கி வெளிய தள்ளிடுமாம். ஃபர்னஸோட (வீட்டு ஹீட்டர்) சேர்ற மாதிரி ஒரு ஹியூமிடிஃபையர் போட்டு ஹியூமிடிட்டியை 40-கிட்ட வச்சிருக்கோம். கோடைல முக்கால்வாசி மூடிக்கிச்சு. டைனிங் டேபிளுக்குக் கீழ மட்டும் நாலஞ்சு கடுகு மாட்டினது மாட்டினதுதான், ஜூன்ல பலகை இறுக்கிப் பிடிச்சுக்குது, ஜனவரில லேசா ஆடும், அப்ப வாக்குவம் போட்டா ஒன்னு ரெண்டு வருது.