மதுரைப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் சிமென்ட், தார்ப்பாய் எதுவும் இல்லாமல் களிமண் குளம் வெட்டினால் தண்ணீர் நிற்குமா?

நிற்கும். கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழ்ந்த ஊரில் இந்தச் சந்தேகம் வருவதுதான் எனக்கு வியப்பு. ஆனால் நல்ல மண்ணைக் கொண்டுவந்து கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மிதிப்பதும் காயவிடாமல் வைத்திருப்பதும்தான் குளம்.

அழகர்கோவில் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டம் செம்மண் சரளை. ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே இறங்கிவிடும். அதனால் களிமண்ணை வெளியிலிருந்துதான் வரவழைத்தோம். உங்கள் இடம் திருமங்கலம் பக்கக் கரிசல் என்றால் பாதிச் செலவு மிச்சம். கண்மாய் வண்டல் என்று சொல்லிக் கொட்டுகிற மண்ணில் பொடிமணல் நிறைய இருக்கலாம். ஒரு பிடி எடுத்துப் பிசைந்து, பென்சில் கனத்துக்குத் திரித்து, வளையமாக வளைத்துப் பாருங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் இறக்கச் சொல்லுங்கள். விளாச்சேரியில் பொம்மை செய்பவர்களைக் கேட்டால் எந்தப் பக்கத்து மண் நல்லது என்று சொல்வார்கள். அனுமதி இல்லாமல் கண்மாயில் ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது.

20க்கு 18 அடி, நடுவில் இரண்டரை அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். கரை மூன்றடிக்கு ஓரடி என்ற சரிவில் இறங்க வேண்டும். செங்குத்தாக வெட்டினால் ஈரக் களிமண் வழுக்கி அடியில் போய் உட்கார்ந்துவிடும். களிமண் கனம் முக்கால் அடி. அதற்கு உதிரி மண்ணாக நான்கு யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) தேவைப்படும். களிமண் கனத்தையும் சேர்த்துத்தான் குழி ஆழத்தைக் கணக்கிட வேண்டும்.

இனி மிதி. நாற்று நடுவதற்கு முன் வயலில் தொழி கலக்குவது ஏன்? மண்ணின் கட்டுமானம் குலைந்து, நுண்துளைகள் அடைபட்டு, தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கத்தான். இங்கும் அதே வேலை. நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, நனைத்து, மிதித்து, திமிசுக் கட்டையால் இடித்து, அது காய்வதற்குள் அடுத்த அடுக்கு. வயல் வேலை தெரிந்த ஆட்களுக்கு நீங்கள் எதுவும் சொல்லித்தர வேண்டாம். கட்டட வேலைக்காரர்கள் வந்தால் அரை மூட்டை சிமென்ட் போட்டால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மேலே நான்கு அங்குலத்துக்குச் சரளை கலந்த மண்ணைப் போர்த்திவிடுங்கள். வெயிலும் கால்தடமும் களிமண்ணில் நேரடியாகப் படாது.

வேலையை ஆவணி, புரட்டாசியில் முடித்தால் ஐப்பசி மழை நிரப்பிக்கொடுக்கும். மாசியில் வெட்டாதீர்கள். களிமண் ஒருமுறை காய்ந்து வெடித்தால் திரும்ப மிதிக்க வேண்டியதுதான்.

கோடையில் மட்டம் இறங்கும்போது ஒழுகுகிறது என்று பதற வேண்டாம். நாளுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானாலே இந்த அளவுக் குளத்தில் 150 லிட்டருக்கு மேல் போய்விடும். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் கரையோரம் வையுங்கள். வாளியிலும் குளத்திலும் ஒரே அளவு இறங்கினால் அது வெயிலின் வேலை. குளம் மட்டும் வேகமாக இறங்கினால் நண்டு வளையோ எலி வளையோ இருக்கிறதா என்று கரையைத் தேடுங்கள். பக்கத்தில் மூங்கிலும் பெரிய மரமும் வேண்டாம். வேர் களிமண்ணைத் துளைத்துவிடும். அல்லியைத் தொட்டியில் வைத்து இறக்குங்கள். சம்புக் கோரை நட்டால் இரண்டு மழைக்காலத்தில் குளம் அதனுடையதாகிவிடும். ஆகாயத்தாமரையை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கொசுவைப் பற்றி வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். சின்னக் கெண்டைகளை விட்டால் புழுக்களைத் தின்றுவிடும். தட்டான்கள் தாமாகவே வந்து முட்டையிடும், அவற்றின் குஞ்சுகளும் கொசுப்புழுவைத் தின்னும். டெங்கு கொசு விரும்புவது கவனிக்காமல் விட்ட வாளியையும் தேங்காய்ச் சிரட்டையையும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால், மீன் விடுவதற்கு முன்பே சுற்றி வேலி போட்டுவிடுங்கள்.